முட்டுக்கட்டை

பழைய பிக்கப் வண்டியில் ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லையென்றால் முதலாளி மெக்கானிக்கைத் தேடுவதில்லை. “டேய், கட்டையப் போடுறா” என்று ஒரு அதட்டல். குரும்பலூர்ப் பக்கம் மக்காச்சோள மூட்டை தூக்க வந்த சேரி ஆள், அவருக்கு அப்பா வயசு, குனிந்து சக்கரத்தடியில் கட்டையைச் செருகுகிறார். வண்டி ஒரு சாண் உருண்டால் போவது அவர் விரல்.

உழைப்பாளிகளையே சாதி அடுக்கி வைப்பதை 1936இல் அம்பேத்கர் எழுதினார். இங்கேயும் அடுக்குதான். சீட்டில் முதலாளி, சக்கரத்தடியில் நாம்.

அந்த பிரேக்கில் மர்மம் ஒன்றுமில்லை. லீவர் கேபிளை இழுக்கும். பின்சக்கர டிரம்முக்குள் ஷூ விரிந்து பிடிக்கும். நாளாக நாளாக லைனிங் தேயும், கேபிள் தளரும், துருவேறும். முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, முதலில் ஷூவைச் சரிசெய்து, அப்புறம் கேபிள் நட்டை முறுக்கணும். இத்துப்போன கேபிளை மாற்றணும். ஒர்க்‌ஷாப்பில் நம்ம பையன்களே செய்கிற வேலை.

எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டி வருஷாவருஷம் தகுதிச் சான்று வாங்கணும் என்கிறது சட்டம். சான்று வாங்கும் நாளுக்கு மட்டும் பிரேக் பிடித்தால் போதுமா?

மேட்டில் கட்டையும் வேண்டியதுதான். ஆனால் பிரேக்குக்குப் பதில் கட்டை, கட்டைக்குக் காவல் நம் கை என்பது நியாயமில்லை. “மொதல்ல பிரேக்க சரிபண்ணுங்க, அப்புறம் மூட்டையத் தூக்குறோம்.” இதை ஒருத்தராகச் சொன்னால் வேலை போகும். சேர்ந்து சொல்லணும்.