இரண்டு பிரெஞ்சுச் சாமியார்களும் ஒரு மலையும்

எங்கள் குடும்பம் வேதத்தில் சேர்ந்தது தாது வருஷப் பஞ்சத்தில். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்திலும் அதற்குப் பிறகும் வடஆற்காட்டுச் சேரிகளில் குடும்பம் குடும்பமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். பிரான்ஸிலிருந்து வந்து சேத்துப்பட்டை மையமாக வைத்து உழைத்த தாராஸ் சாமியாரின் பெயரை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பக்தியோடுதான் சொல்வார்கள். கஞ்சியும் பள்ளிக்கூடமும் அவரைப் போன்றவர்கள் வழியாகத்தான் எங்களுக்கு வந்தன. என் முப்பாட்டன் திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயில் வாசலைத் தாண்ட முடியாதவர். ஆலய நுழைவுச் சட்டத்துக்கே 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முன்னோர்கள் சொந்த மதத்தை விட்டுப் போனார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். உள்ளேயே விடப்படாதவர் எதை விட்டுப் போக முடியும்?

ஆனால் அருணாசல மலை வேறு. கார்த்திகை தீபத்தன்று பாட்டி களத்துமேட்டில் நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருப்பார். உச்சிக் கொப்பரையில் சுடர் தெரிந்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். “அது அவங்க சாமி இல்லியா?” என்று ஒருமுறை கேட்டேன். “மலைடா அது. நம்ம மலை” என்றார்.

நான் கிரிவலம் போகத் தொடங்கியது முப்பது வயதுக்குப் பிறகு. பதினான்கு கிலோமீட்டர், வெறுங்காலோடு. ஞாயிறு பூசைக்குப் போவது மெல்ல மெல்ல நின்றது. ஏன் என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கே தெரியவில்லை. எனக்கு முன்னால் இந்தப் பாதையில் யாராவது நடந்திருக்கிறார்களா என்று தேடிய போதுதான் அபிஷிக்தானந்தரின் அருணாசல நினைவுகள் கையில் கிடைத்தன.

ஆன்ரி லெ சோ என்பது அவருடைய இயற்பெயர். 1910இல் பிரான்ஸின் வடமேற்கிலுள்ள பிரிட்டனியில் பிறந்தவர். பெனடிக்ட் சபைத் துறவி. 1948இல் இந்தியா வந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் ஜூல் மோன்ஷனேன் சாமியாரோடு ரமணரைப் பார்க்கத் திருவண்ணாமலைக்கு வந்தார். முதல் தரிசனம் ஏமாற்றமாக இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். எதிரே இருந்தது ஒரு சாதாரண முதியவர். பிறகு காய்ச்சல் கண்டது. காய்ச்சலோடு வேத பாராயணத்தைக் கேட்டபோது உள்ளே ஏதோ இளகியது. 1950இல் இருவரும் குளித்தலைக்கு அருகே தண்ணீர்பள்ளியில் சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். அங்கே இருப்புக் கொள்ளாமல் 1952 முதல் சில ஆண்டுகள் திரும்பத் திரும்ப இங்கே வந்து மலைக் குகைகளில் மௌனமாக இருந்தார். ரமணர் 1950 ஏப்ரலிலேயே மறைந்துவிட்டார். அதன்பிறகும் லெ சோவை இழுத்தது எது? மலைதான் என்கிறார் அவர்.

இங்கே நான் நின்றுவிட்டேன். சிலையை வணங்காதே என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர், பத்தொன்பது ஆண்டுகள் மடத்தில் இருந்தவர், ஒரு மலையை எப்படி அப்படி நேசிக்க முடிந்தது? அவர் இருந்த மடத்தைப் பற்றிப் படிக்கப் போனேன். கெர்கோனான் மடம் கர்னாக்கின் பக்கத்து ஊரில் இருக்கிறது. கர்னாக்கில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான நெடுங்கற்கள் மூவாயிரத்துக்கு மேல் வரிசை வரிசையாக நிற்கின்றன. நட்டவர்கள் யார், எந்தத் தெய்வத்துக்காக நட்டார்கள் என்பதெல்லாம் அழிந்துபோயிற்று. கற்கள் மட்டும் நிற்கின்றன. அவ்வூரிலேயே ஓர் ஈமக் குன்றின் உச்சியில் மிக்கேல் சம்மனசுக்குச் சிற்றாலயம் இருக்கிறது. பங்குக் கோயிலின் புனிதர் கொர்னேலி, மாடுகளைக் காப்பவர். கோயில் முகப்பில் அவருக்கு இருபுறமும் மாடுகள். தன்னைத் துரத்தி வந்த படைவீரர்களை அவர்தான் கல்லாக்கினார் என்று ஊரார் கதை சொல்கிறார்கள். பிரிட்டனியின் வடபகுதியில் இன்னொரு நெடுங்கல்லில் 17ஆம் நூற்றாண்டில் பாடுகளின் சின்னங்களைச் செதுக்கி, உச்சியில் சிலுவை நட்டிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் நினைவுதான் வந்தது. கல்லை எதிர்த்து ஒழிக்க முடியாத இடத்தில் சிலுவையைக் கல்லின்மேல் வைத்துக் கும்பிட்டார்கள் அந்த மக்கள். லெ சோ அந்த மண்ணின் பிள்ளை. அருணாசலத்தைப் பார்த்தபோது அவருக்குள் விழித்தது இந்தியாவில் கற்றது மட்டுமல்ல, ஊரிலிருந்து கொண்டுவந்ததும்கூட என்பது என் ஊகம். ஆனால் அதை நான் உறுதியாக நம்புகிறேன்.

அவர் இந்துவாகிவிட்டார் என்பாரும் உண்டு, கடைசிவரை கத்தோலிக்கர்தான் என்பாரும் உண்டு. இரு தரப்பினரும் அவரை எளிதாக்கிவிடுகிறார்கள். 1955இல் திருக்கோவலூர் தபோவனத்தில் ஞானானந்தரைச் சந்தித்து அவரைக் குருவாக ஏற்றார். 1964இல் கங்கோத்ரிக்கு யாத்திரை போன இடத்தில் திருப்பலியும் நிறைவேற்றினார். அத்வைத அனுபவத்துக்கும் குருப்பட்டத்துக்கும் நடுவே கிழிபட்ட வேதனை அவருடைய நாட்குறிப்பில் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. 1973 டிசம்பரில் இந்தூரில் காலமாகும்வரை திருச்சபையிலிருந்து அவர் விலகவில்லை.

எனக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அவர் விரும்பி வந்தவர். காவி கட்டிய வெள்ளைக்காரத் துறவிக்கு இந்த ஊர் வழிவிட்டது. என் முப்பாட்டனுக்கு விடவில்லை. அதனால் கிரிவலம் முடித்துப் பெரிய கோயிலுக்குள் போகும்போது இன்றும் என் கால் தயங்குகிறது. மலையைச் சுற்றும்போது அந்தத் தயக்கம் இல்லை. உச்சியின் சுடரைப் பார்க்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. பாட்டி “நம்ம மலை” என்றதன் உரிமை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இப்போது புரிகிறது. தாராஸ் சாமியார் கொடுத்ததை எங்கள் வீடு நன்றியோடு வாங்கிக்கொண்டது. அதற்கு முன்பே இருந்ததையும் கீழே போடவில்லை.

போன கல்லறைத் திருநாளில் அத்தை நேராகவே கேட்டுவிட்டார்: “பூசைக்கும் வரதில்ல. நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்கடா கொண்டுபோறது?”

“தாத்தா பக்கத்துலதான் அத்தை” என்றேன்.

“சாமியார் ஒத்துக்கணுமே” என்றார் அவர். தாத்தாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, சாமியாரைக் கேட்க இருவருமாகப் பங்கு வீட்டுக்கு நடந்தோம்.