போய்ச் சேர்ந்ததா?

நியூமாட்டிக்ஸ் லேபில் பட்டனை அழுத்தியதும் ‘டப்’ என்று சிலிண்டர் ராடு வெளியே வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கண்ணில்லாத பி.எல்.சி.க்கு எப்படித் தெரியும்? வால்வுக்குக் கரன்ட் கொடுத்தது மட்டுமே அதற்குத் தெரியும். ஆணையிட்டது வேறு, வேலை நடந்தது வேறு. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எனக்கு ஊர் ஏனாத்தூர். காஞ்சிபுரம் பக்கத்தில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைகளுக்கும் தனித்தனி நாடா. நெய்பவருக்குத் துணையாகப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் கையிலிருந்து கரை நாடா வந்து கோர்த்துக்கொண்ட பிறகுதான் அடுத்த வேலை. ‘வந்திருக்கும்’ என்று நினைத்து நெய்தால் கரையும் உடலும் சேராது.

சிலிண்டரில் அந்தத் துணை ஆள்தான் ரீட் சுவிட்ச். கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய நிக்கல்-இரும்புத் தகடுகள், அவ்வளவுதான். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்டர் எல்வுட் 1936-இல் உருவாக்கியது. பிஸ்டனில் ஒரு வளையக் காந்தம் இருக்கும். அது அருகில் வந்ததும் தகடுகள் ஒட்டிக்கொள்ளும்; சர்க்யூட் மூடும்; சுவிட்சில் சின்ன விளக்கு எரியும். பேரல் அலுமினியமாக இருப்பதால் காந்தப்புலம் தடையின்றி வெளியே வருகிறது. சாதாரண இரும்புக் குழாயாக இருந்தால் அதுவே புலத்தை இழுத்துக்கொள்ளும்.

இன்பிளான்ட் டிரெயினிங் போன தொழிற்சாலையில் ஒரு டிரில்லிங் மெஷின். கிளாம்ப் சிலிண்டருக்குச் சுவிட்ச் கிடையாது, டைமர் மட்டும். ஒரு நாள் மதியம் ஏர் பிரஷர் இறங்கிவிட்டது. கிளாம்ப் பாதி வழியிலேயே நிற்க, டைமர் முடிந்து டிரில் இறங்கியது. ஜாப் சுழன்று ஆபரேட்டர் அண்ணனின் இரண்டு விரல்களைக் கிழித்தது. “ரெண்டு செகண்டு டைம் இருக்கே சார், போதாதா?” என்று கேட்டேன். சூப்பர்வைசர் சொன்னார்: “தம்பி, டைமருக்கு நேரம்தான் தெரியும். கிளாம்ப் புடிச்சுதா இல்லியான்னு அதுக்கு என்னா தெரியும்?”

மறுநாள் சுவிட்ச் பொருத்தினார்கள். அதைப் பொருத்திய இடம்தான் எனக்குப் பெரிய பாடம். ஸ்ட்ரோக்கின் கடைசியில் வைக்கவில்லை. ஜாப்பைப் பிடித்த நிலையில் பிஸ்டன் எங்கே நிற்குமோ அங்கே வைத்தார்கள். ஜாப் இல்லாவிட்டால் பிஸ்டன் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும், விளக்கு அணைந்துவிடும். விளக்கு நிலைத்து எரிந்தால்தான் டிரில் இறங்கும். இதற்கு, சுவிட்ச் உணரும் எல்லையைத் தாண்டும் அளவுக்கு ஸ்ட்ரோக் மிச்சம் இருக்க வேண்டும்.

ஆனாலும் சுவிட்ச் சொல்வதெல்லாம் வேதவாக்கல்ல. அது பிஸ்டனின் இடத்தைச் சொல்லும். பிடியின் பலத்தைச் சொல்லாது. அதற்குப் பிரஷர் சுவிட்ச் வேண்டும். பக்கத்தில் வெல்டிங் நடந்தால் அதன் காந்தப்புலமே இதை ஏமாற்றலாம். சோலினாய்டு காயிலை டயோடு இல்லாமல் இதன் வழியே நேரடியாக இயக்கினால், தகடுகள் தீப்பொறியில் ஒட்டி, எப்போதும் ‘வந்துவிட்டது’ என்றே பொய் சொல்லும். ஆகவே இரண்டு முனையிலும் சுவிட்ச் வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் எரிந்தால் மெஷினை நிறுத்தும்படி புரோகிராம் எழுத வேண்டும். கை போகும் இடத்துக்குக் கார்டு தனியாக வேண்டும். அந்தப் பொறுப்பை ரீட் சுவிட்சிடம் விடக்கூடாது.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஷிப்டு பஸ் ஏறப்போகிறோம். “சுவிட்ச் தொந்தரவு பண்ணுது, ஷார்ட் பண்ணி ஓட்டுப்பா, புரொடக்‌ஷன் போகணும்” என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். இரண்டு வயரை முறுக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் மெஷினின் கண்ணைக் கட்டிவிட்டு, அதன் முன்னால் இன்னொருவரின் கையை வைக்கிறோம். “முடியாது சார், மாத்திட்டு ஓட்டலாம்” என்று சொல்லும் தைரியமும் நம் டிப்ளமோவோடு சேர்ந்து வரட்டும்!