மேற்படியார் யார்?

9 ஜூன் 2025, திங்கள்

விடுமுறை முடிந்து கோர்ட் திறந்ததிலிருந்து சீனியர் ஆபீசில் நிற்க இடமில்லை. கட்சிக்காரர்கள் கொடுத்துவிட்டுப்போன பழைய கிரயப் பத்திர நகல்களை மஞ்சள் பையிலிருந்து எடுத்து ஸ்கேன் செய்கிறேன். எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், சர்வே நம்பர், கிரயத் தொகை, நான்கெல்லை எல்லாம் தனித்தனிக் கட்டத்தில் தானாகப் போய் உட்காரவேண்டும். “அதுக்கு எதுக்குத் தம்பி மிஷினு, நான் இருக்கேன்ல?” என்றார் குமாஸ்தா அண்ணன். இருக்கிறார்தான். ஆனால் படித்ததெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் லீவு போட்டால் ஆபீசே லீவு.

11 ஜூன், புதன்

சர்வே நம்பரைப் பிடிப்பது லேசு. அதற்கொரு வடிவம் உண்டு. ஆள் பெயருக்கு அது கிடையாது, மாதிரி காட்டித்தான் பழக்கவேண்டும். இந்தியக் கோர்ட்டுகளின் ஆங்கிலத் தீர்ப்புகளுக்கு ஓபன்நியாய் குழுவினர் 2022இல் இதைச் செய்திருக்கிறார்கள்: மனுதாரர், நீதிபதி, சாட்சி, சட்டம், பிரிவு, முன்தீர்ப்பு என 14 வகை.

நம் ராமநாதபுரம் சமஸ்தான வழக்கை அந்த 14 பெட்டியில் போட்டுப் பார்த்தேன். 1868இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது. கலெக்டர் ஒரு பக்கம், முத்துராமலிங்க சேதுபதி மறுபக்கம். தீர்ப்புத் தலைப்பில் வெள்ளைக்காரன் எழுதியிருப்பது ‘மூட்டூ ராமலிங்க சாத்துபதி’. சாத்துபதியும் சேதுபதியும் ஒருவரே என்று கண்டுபிடிப்பது தனி வேலை. அதையும் விடுவோம். புருஷன் அனுமதி தராமலே செத்திருந்தாலும், பங்காளிகள் சம்மதித்தால் விதவை சுவீகாரம் எடுக்கலாம் என்பதுதான் தீர்ப்பின் உயிர். அது பெயரும் அல்ல, பிரிவும் அல்ல. 14இல் எதிலும் விழவில்லை.

13 ஜூன், வெள்ளி

இன்று மானம் போயிற்று. பத்திரத்தில் ‘வாய்க்காலுக்குத் தெற்கு’ என்றிருந்தது. என் ப்ரோக்ராம் தெற்கெல்லைக் கட்டத்தில் வாய்க்காலைப் போட்டது. அண்ணன் எட்டிப்பார்த்தார். “வாய்க்காலுக்குத் தெற்கே நிலம் கெடக்குன்னா, வாய்க்கா வடக்கேல்ல இருக்கு? நிலத்தையே பொரட்டிப் போட்டுட்டியேப்பா.”

‘கு’ உருபு வந்தால் திசையைத் திருப்பு என்று விதி எழுதினேன். பத்துப் பத்திரம் சரியாக வந்தது. பதினோராவது: ‘இதற்குத் தெற்கில் வாய்க்கால்’. இங்கேயும் ‘கு’தான், ஆனால் ‘இது’ என்பது நிலம். திருப்பக் கூடாததைத் திருப்பிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு விதியை அழித்தேன். இனி ஒவ்வொரு எல்லையையும் கையால் குறித்து மாதிரி சேர்ப்பதுதான் வழி.

15 ஜூன், ஞாயிறு

எமனேசுவரத்தில் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து குறித்தோம். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே பத்திரத்தில் பதினொரு ‘மேற்படி’. மேற்படி புஞ்சை, மேற்படி தொகை, மேற்படியார். ஆளுக்கொரு தாளில், எந்த மேற்படி எதைக் குறிக்கிறது என்று தனித்தனியாகக் கோடு இழுத்தோம். பத்து ஒத்துப்போயிற்று. கடைசிப் பக்கத்து மேற்படியார், எனக்குத் தகப்பன். அண்ணனுக்கு மைனர் மகன். அரை மணி நேரம் வாதாடினோம். காபி ஆறிப்போயிற்று. பிறகு அண்ணனே தலையைச் சொறிந்தார்: “இதே மேற்படியாருக்குத்தானப்பா நம்ம ஆபீசுல ஏழு வருசமா கேசு நடக்குது.”

இப்படியே பழக்கினால் மிஷின் யாராவது ஒருவரை அடித்துச் சொல்லிவிடும். கட்டங்களின் ஓரத்தில் புதிதாக ஒன்று போட்டேன்: ‘தெளிவில்லை’.

16 ஜூன், திங்கள்

அந்தக் கேஸ் இன்று வாய்தா. சாயங்காலம் சீனியர் கூப்பிட்டார். பெயரும் தொகையும் நிரம்பிய கட்டங்களைத் தள்ளிக்கொண்டே போனவர் கடைசிக் கட்டத்தில் நின்றார். “இதுல இருக்கறத மட்டும் பிரிண்ட் எடுத்துக் குடுப்பா.”