புகைக்கு நாணியவர்

1972இல் சுங்கை வேயில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. அங்கே இரவு வேலைக்குச் சென்ற இளைஞர் ஒருவர், பிறர் ஓட்டிக் கழித்த யமாஹா ஆர்எக்ஸ்இசட் ஒன்றை வாங்கினார். டூ ஸ்ட்ரோக் வண்டியன்றோ! தனித் தொட்டியிலிருந்து ஊறும் எண்ணெய் பெட்ரோலோடு கலந்து பிஸ்டனைக் காத்து, எரிந்து புகையாகும். அண்டை வீட்டார் புகையை நகைத்தனர். நாணிய அவர் எண்ணெய்ப் பம்பைக் குறைத்து வைத்தார். சின்னாளில், கூட்டரசு நெடுஞ்சாலையில் பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. பின்னால் லாரி வராததால் பிழைத்தார்.

பட்டறை முதியவர் ஏசவில்லை. வெளுத்திருந்த பிளக்கைக் காட்டினார். அது தேயிலைச் சாற்றின் நிறத்தில் இருக்கவேண்டுமாம். புகைபோக்கியில் படிந்த கரியைச் சுரண்டினார். கியர் எண்ணெய் வேறு என்பதையும் உணர்த்தினார். இளைஞர் இன்று பெட்ரோல் நிரப்புமுன் எண்ணெய்த் தொட்டியையே திறந்து பார்க்கின்றார்.