34 நிறுத்தங்கள்

குளிர்காலத்தில் நார்வே கடலோரமாகக் கப்பலில் போகிறேன் என்றதும், பெங்களூர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் மீன் விற்கும் எங்கள் தெரு அண்ணன் கேட்டார்: "அங்க பொழுதே விடியாதாமே, என்னத்தப் பாக்கப் போற?" கடலில்லாத ஊரில் கடல் மீனை நம்பிப் பிழைப்பவர் கேட்ட கேள்வி. சும்மா தள்ளிவிட முடியவில்லை.

சுற்றுலா விளம்பரங்கள் சொல்லும் பதில், துருவ ஒளி. பார்த்தேன், அழகுதான். ஆனால் அதைவிட என்னை மேல்தளத்தில் நிறுத்திவைத்தது துறைமுகங்கள்.

தெற்கே பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்க்கனெஸ் வரை 34 துறைமுகங்கள். போய்வர 12 நாள். சில ஊர்களில் கப்பல் கால் மணி நேரம்தான் நிற்கும். நடுச்சாமம் இரண்டு மணி, பனி கொட்டுகிறது. கப்பலின் பக்கவாட்டுக் கதவு திறந்ததும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி சரக்கை இறக்குகிறது. காய்கறிப் பெட்டி, இயந்திர உதிரிபாகம், எவர் வீட்டுக்கோ ஒரு சோபா. முதுகுப்பையோடு ஒரு பையன் ஏறி, யாரையும் பார்க்காமல் நாற்காலியில் சாய்ந்து தூங்கி, அடுத்த ஊரில் இறங்கிப் போகிறான். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஏறி இறங்கி வளர்ந்தவனுக்கு விளங்காமல் இருக்குமா? இது டவுன் பஸ்.

இந்த பஸ் ஓடத் தொடங்கியது 1893 ஜூலையில். அதற்கு முன் குளிர்காலத்தில் ட்ரோண்ட்ஹைமிலிருந்து ஹாமர்ஃபெஸ்டுக்குக் கடிதம் போய்ச்சேர ஐந்து மாதம்கூட ஆகுமாம். கடல் உறைவதில்லை, அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் பார்த்துக்கொள்கிறது. தடை இருட்டும் பாறைகளும்தான். வடக்கே கலங்கரை விளக்கங்கள் மிகக் குறைவு. ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் ஏற்கெனவே எந்தத் திசையில் எவ்வளவு நேரம் போனால் எங்கே திரும்பலாம் என்று குறித்துவைத்திருந்தார். திசைகாட்டி, கடிகாரம், குறிப்பேடு. இவற்றை நம்பி இரவிலும் கப்பலை ஓட்டினார்.

வழியிலுள்ள லோஃபோட்டன் தீவுகளில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை காட் மீன் பருவம். முட்டையிட பாரன்ட்ஸ் கடலிலிருந்து வரும் மீன்களைப் பிடித்து, தலை நீக்கி, வால்களை இணை இணையாகக் கட்டி மரச் சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். உப்பே போடாத கருவாடு. குளிர்காற்றே காயவைத்துவிடுகிறது. இத்தாலிக்கும் போகிறது, தலைகள் நைஜீரியாவுக்கு.

இந்தக் கரைக்குத் தமிழரும் வந்து சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்து அந்தோனி ராஜேந்திரம் 1956இல் நார்வே வந்து, பின்னர் ஊரில் மீனவர்களுக்காகச் சீநோர் நிறுவனத்தை உருவாக்கினார். 1980களில் இலங்கைப் போருக்குத் தப்பி வந்த பலருக்கு வேலை கிடைத்தது வடகோடி ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில்.

அவர்களில் ஒருவர் ஹாமர்ஃபெஸ்டில் ஏறினார். என் முகத்தைப் பார்த்ததும் தமிழில் கேட்டார்: "தம்பி எந்த ஊர்?"

"பெங்களூர் ஐயா, சிவாஜிநகர்."

"அங்கையும் எங்கட ஆக்கள் இருக்கினமோ?"

"தலைமுறை தலைமுறையா இருக்கோம் ஐயா" என்றேன். பிறகு அவர் கதை. வரிசையாக வரும் மீனைத் தோல் உரித்து, முள் எடுத்து அடுக்கும் வேலை. "இருட்டு பழகிப் போச்சு தம்பி. கை விறைக்கிறதுதான் கடைசிவரைக்கும் பழகேல்லை" என்று விரல்களை மடக்கிக் காட்டினார். இரண்டு விரல் முழுதாக மடங்கவில்லை. மகள் ஆஸ்லோவில் இருக்கிறாள். இவருக்கு மட்டும் இந்தக் கரையை விட மனமில்லை. மருத்துவரைப் பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போகிறார். வானத்தைப் பார்க்க அவர் தலை நிமிரவேயில்லை.

ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 34 ஊருக்கும் கப்பல் போயாக வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டு அந்த நாட்டு அரசு பணம் தருகிறது. இங்கே நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல், வடகிழக்குப் பருவமழை வந்ததும் சில நாளிலேயே நின்றது. நம் கடல் வேறு, அந்தக் கடல் வேறு. புயல் மாதங்களில் சிறு கப்பலை ஓட்டச் சொல்வது நியாயமுமல்ல. ஆனால் லாபம் வந்தால் ஓடும் கப்பலுக்கும், போக வேண்டியவர் ஒருவர் இருந்தாலும் ஓடும் கப்பலுக்கும் உள்ள தூரம் பருவநிலையால் வந்ததல்ல. அண்ணனுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அங்கே பொழுது விடியாவிட்டாலும் கப்பல் வந்துவிடுகிறது, அதைப் பார்க்கத்தான் போனேன்.