கவலைக்குக் கஷாயம்!

தலைவலிக்கு மருந்து உண்டு. காய்ச்சலுக்கு மருந்து உண்டு. கவலைக்கு? "இரவில் தூக்கம் பிடிக்கவில்லை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வருகிறது, நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டது போல் இருக்கிறது" என்று ஒரு பெண்மணி சொன்னால், "எல்லாம் மனப் பிரமை, போய் வேலையைப் பார்!" என்றுதான் பல வீடுகளில் பதில் வரும். சீனத்து வைத்தியர் அப்படிச் சொல்ல மாட்டார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்ப்பார். பிறகு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டுக்கு மருந்து கொடுக்கிற கடை எப்படி இருக்கும்? வாருங்கள், ஹாங்சௌ நகரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

ஷாங்காயில் வேக ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஹாங்சௌ வந்துவிடும். நம் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதி வைத்த மார்க்கோ போலோ இந்த ஊரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். உலகத்திலேயே இதைப் போன்ற சிறந்த நகரம் கிடையாது என்பது அவருடைய அபிப்பிராயம். பட்டுக்கும் பச்சைத் தேயிலைக்கும் பேர்போன ஊர். பெய்ஜிங்கிலிருந்து வருகிற பெரிய கால்வாய் இங்கேதான் வந்து முடிகிறது. ஊரின் நடுவே மேற்கு ஏரி. தண்ணீரைத் தொடுகிற மாதிரிக் கிளைகளைத் தொங்கவிட்டு நிற்கும் மரங்களையும், தூரத்தில் மங்கலாகத் தெரியும் மலைகளையும் பார்த்தால், பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். இருந்தாலும் நாம் வந்த காரியத்தைக் கவனிப்போம்.

ஏரிக்குத் தென்கிழக்கே வூ குன்று இருக்கிறது. அதன் அடிவாரத்தில், ஹஃபாங் தெருவை ஒட்டினாற்போல், பழைய நாளைய மருந்துக் கடை ஒன்று. வெளியே கோட்டை மதில் மாதிரி உயரமான வெள்ளைச் சுவர். அதில் பிரம்மாண்டமான கறுப்பு எழுத்துக்களில் கடையின் பெயர்: ஹூ சிங் யூ டாங். ஆரம்பித்த வருஷம் 1874. உள்ளே போனால் செதுக்கு வேலை செய்த மரத் தூண்கள், தொங்கும் விளக்குகள், நீளமான மேஜை. மேஜைக்குப் பின்னால் சுவர் முழுவதும் சின்னச் சின்ன இழுப்பறைகள். கடைக்காரர் சீட்டைப் படித்து, ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்து, கைத் தராசில் நிறுத்து, காகிதத்தில் பரப்பிப் பொட்டலம் கட்டுகிறார். ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம். மூக்கில் ஏறும் மணம் நம் நாட்டு மருந்துக் கடையை அப்படியே நினைவூட்டும். பின்கட்டில் 1991-இல் திறந்த ஒரு காட்சிசாலையும் உண்டு. தங்கத்தில் ஒரு கரண்டியும் வெள்ளியில் ஒரு பாத்திரமும் அங்கே இருக்கின்றன. செம்பும் இரும்பும் பட்டால் குணம் கெடும் என்று ஒரு மருந்தை இவற்றில்தான் கிண்டினார்களாம்!

இந்தக் கடையைத் தொடங்கியவர் ஹூ சுயேயன். வட்டிக் கடையில் எடுபிடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்து, சீனாவின் பெரிய பணக்காரர்களில் ஒருவராக உயர்ந்தவர். வெளிநாட்டுக் கம்பெனிகளோடு போட்டி போட்டுப் பட்டை வாங்கிக் குவித்தார். 1883-இல் விலை சரிந்தது. அதோடு அவருடைய செல்வமும் சரிந்தது. 1885-இல் எல்லாவற்றையும் இழந்து காலமானார். கவலைக்கு மருந்து விற்ற மனிதருக்கே அவ்வளவு பெரிய கவலை! ஆனால் கடை மட்டும் பிழைத்துக்கொண்டது. அதற்குக் காரணம் என்று ஹாங்சௌவாசிகள் காட்டுகிற பலகையைப் பிறகு பார்க்கலாம். முதலில் மருந்து.

கவலையைப் பற்றிச் சீன வைத்தியம் சொல்லும் கணக்கு இது. உடம்பில் "சீ" என்ற உயிர்ச் சக்தி ஓடிக்கொண்டிருக்கிறது. கோபத்தை விழுங்கி, துக்கத்தை அடக்கி வைத்தால், அந்த ஓட்டம் ஈரலில் தேங்கிவிடுகிறது. தூர்ந்துபோன கால்வாய் மாதிரி! பிறகு பசி மந்தம், பெருமூச்சு, தூக்கமின்மை எல்லாம் ஒவ்வொன்றாக வருகின்றன. இதற்குப் பழைய மருந்து "சியாவ் யாவ் சான்". கவலையில்லாமல் உலாவ வைக்கும் சூரணம் என்று பொருள். தாவோ ஞானி சுவாங்சூவின் நூலில் முதல் அத்தியாயத்தின் தலைப்பிலும் இந்தச் சொல்தான் இருக்கிறது. சுங் அரசர்கள் காலத்தில், 1076-இல், அரசாங்கமே மருந்துக் கடை நடத்த ஆரம்பித்தது. அந்தக் கடைகளுக்காகத் தொகுத்த மருந்து நூலில் இது இடம் பெற்றிருக்கிறது. தேக்கத்தைக் கலைக்கச் சைஹூ வேர். இரத்தத்துக்கு டாங்குய், வெள்ளைப் பியோனி வேர்கள். ஜீரணத்துக்கு பைசூ வேர், பைன் மர வேரில் விளையும் ஒரு காளான், அதிமதுரம். கூடவே கொஞ்சம் இஞ்சியும் புதினா இனத்து இலையும். மனம் கெட்டால் வயிறும் கெடும் என்று தெரிந்தவர்கள் சேர்த்த சேர்மானம் இது!

இன்னும் எளிய மருந்து ஒன்று உண்டு. சுமார் 1,800 வருஷங்களுக்கு முன் வாழ்ந்த வைத்தியர் சாங் சுங்சிங் எழுதியது. காரணமில்லாமல் அழுகை வருகிற பெண்களுக்கு அவர் சொன்ன சரக்குகள் மூன்றே மூன்று: கோதுமை, அதிமதுரம், சீனத்து இலந்தைப் பழம். சமையலறையிலேயே வைத்தியசாலை!

கஷாயத்தை மண் சட்டியில் போடுகிறார்கள். முதலில் அரை மணி ஊற வைத்து, இரண்டு தடவை காய்ச்சி, இரண்டு தண்ணீரையும் கலந்து குடிக்க வேண்டும். மணம் போய்விடாமல் இருக்கப் புதினாவைக் கடைசியில்தான் போட வேண்டும்.

"குணம் தெரியுமா?" என்று கேட்பீர்கள். ஓரளவு நன்மை தெரிவதாகச் சொல்லும் ஆராய்ச்சிகள் உண்டு. ஆனால் அவற்றில் பல சிறியவை, தரத்திலும் குறைந்தவை. ஆகவே நிச்சயமாகக் குணமாகும் என்று எவராவது சத்தியம் செய்தால் நம்ப வேண்டாம். மூலிகைதானே, கெடுதல் ஒன்றும் இல்லை என்று நினைக்கவும் வேண்டாம். அதிமதுரத்தை அளவுக்கு மீறி நாள்கணக்கில் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு டாங்குய் ஆபத்து. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய அபாயம், ஒரு வேருக்குப் பதில் இன்னொரு வேர் வந்துவிடுவது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் தேசத்து பிரஸ்ஸல்ஸ் நகரில் அப்படித்தான் நடந்தது. உடம்பு இளைப்பதற்காகப் பெண்கள் சிலர் சீன மூலிகைகள் கலந்த மாத்திரை சாப்பிட்டார்கள். "ஃபாங்சி" என்ற பெயரில் இரண்டு வேர்கள் உண்டு. நல்லதற்குப் பதிலாக, நம் ஆடுதின்னாப்பாளையின் இனத்தைச் சேர்ந்த மற்றொன்று கலந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. சிலருக்குப் பின்னால் புற்றுநோயும் வந்தது. பெயர் ஒன்று, வேர் வேறு. விளைவு இவ்வளவு!

இப்போது அந்தப் பலகைக்கு வருவோம். ஹாங்சௌ கடையில் மற்றப் பலகைகளெல்லாம் வாசலைப் பார்த்து, வருகிறவர்கள் படிப்பதற்காகத் தொங்குகின்றன. 1878-இல் ஹூ தம் கையாலேயே எழுதிய பலகை மட்டும் உள்பக்கம் பார்த்து, மருந்து நிறுக்கிற சிப்பந்திகளின் கண்ணில் படுகிற மாதிரி தொங்குகிறது. அதில் பெரிதாக இரண்டே எழுத்துக்கள். "ஏமாற்றாதே" என்று அர்த்தம். எந்த வியாபாரத்திலும் ஏமாற்றக்கூடாது, மருந்து உயிர் விஷயமாதலால் இதில் ஒருபோதும் கூடாது என்று கீழே விளக்கமும் இருக்கிறது.

இந்தப் புத்திமதி கடைக்காரருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது, வீட்டில் குடிக்கிற கஷாயத்தை நாம் மறைக்கிறோம். வைத்தியரிடம் போகும்போது மாத்திரையை மறைக்கிறோம். இரண்டு பேரிடமும் இரண்டையும் சொல்லிவிட வேண்டும். மருந்தின் பெயரும் கடையின் முகவரியும் இல்லாத பொட்டலத்தை, எத்தனை மலிவாகக் கிடைத்தாலும், வாங்கக்கூடாது. வாரக் கணக்கில் தூக்கம் வராமல் மனம் இருண்டு கிடந்தால், கஷாயத்தோடு நிற்காமல் மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும்.

குடிகாரக் கணவனையும் வாசலில் நிற்கும் கடன்காரனையும் எந்தக் கஷாயமும் திருத்தாது. ஆனால் சாங் சுங்சிங் ஒரு காரியம் செய்தார். பெண் சொல்லும் கவலையை வியாதி என்று ஒப்புக்கொண்டு, உட்கார்ந்து கேட்டு, அதற்கு மருந்தும் எழுதினார். அடுத்த தடவை உங்கள் வீட்டில் யாராவது "நெஞ்சு அடைக்கிறது" என்றால், அதையாவது நாமும் செய்யலாம். அதற்கு ஹாங்சௌ வரை போக வேண்டியதில்லை!