கற்பூரம் மணத்த சவரக்கத்தி

எங்கள் தெரு சலூன்காரர் அந்தக் கத்தியைப் பழைய பனியன் துணியில் சுற்றிக் கொடுத்தார். "இங்கிலாந்து ஷெஃபீல்டு சரக்கு தம்பி. தந்தக் கைப்பிடி. எங்கப்பா வச்சிருந்தது. மிஷின்ல விட்டா பத்து நிமிஷத்துல புதுசாயிடும்." அவர் கடையில் இப்போது பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் பிடிதான். மடக்குக் கத்தி முப்பது வருஷமாக டிராயரில் கிடந்திருக்கிறது.

கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெரம்பூர் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. ஒரு வீட்டின் மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடி இடத்தில் பட்டறை. ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே பென்சில் பிடிப்பதுபோல் பிடிக்கிற மினி கிரைண்டர். லிங்கிச் செட்டித் தெருவில் 1,800 ரூபாய்க்கு வாங்கியதாம்.

என் கையிலிருந்து கத்தியை வாங்கியவர் கைப்பிடியைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து என் மூக்கருகே நீட்டினார். "மோந்து பாருங்க சார்." பூஜையறை வாசனை. கற்பூரம்! தந்தம் மணக்காது, செல்லுலாய்டு மணக்கும். அதில் கற்பூரம் கலந்துதான் செய்வார்கள். தீப்பொறி பட்டால் குபீரென்று பிடித்துக்கொள்ளும். அதனால் ஆணித் தலையை அரத்தால் ராவி, கைப்பிடியைக் கழற்றித் திண்ணைப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். செல்லுலாய்டு கெட்டுப்போனால் அதிலிருந்து வரும் ஆவியே இரும்பை அரிக்கும் என்றார். துரு எங்கே கூடுதல் என்று பார்த்தேன். கைப்பிடிக்குள் மடங்கிக் கிடந்த பாகத்தில்தான்.

மிஷின் கிர்ரென்று கிளம்பியது. முனையில் உப்புத்தாள் சுற்றிய விரல்நுனி அளவு உருளை. மிஷினின் முழு வேகம் நிமிடத்துக்கு 30,000 சுற்று. அவர் திருகை இரண்டாம் எண்ணுக்கு மேல் ஏற்றவில்லை. கத்தியின் இரு பக்கமும் குழிவு. அந்தக் குழிவுக்குள் உருளை வாகாக உட்கார்ந்தது. சுழற்சி எப்போதும் முதுகிலிருந்து விளிம்பை நோக்கியே போனது. எதிர்த்திசையில் பட்டால் விளிம்பைக் கவ்விக் கத்தியைத் தூக்கியெறிந்துவிடும். இடது கையில் உறை இல்லை. சூடு விரலுக்குத் தெரிய வேண்டுமாம். ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கினார்.

ஏன் இத்தனை பயம் என்று கேட்டதற்கு வேறொரு கத்தியை எடுத்துக் காட்டினார். விளிம்போரம் நகக்கண் அளவுக்கு மயில்கழுத்து நீலம். சூடு 300 டிகிரியைத் தொட்ட அடையாளம். அந்த இடத்தில் பதம் போய்விட்டது. தீட்டினால் கூர் நிற்காது. "நான் கெடுத்ததுதான். அதான் தூக்கிப் போடல."

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மிஷின் ஓடியது மொத்தம் 22 நிமிடம். அதன்பின் வாட்டர் பேப்பர்: 220, 400, 600, 1000, கடைசியில் 2000. தாள் 20 ரூபாய். அதைச் சிறு தக்கையில் சுற்றித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தார். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம், பேச்சே இல்லை. உருளை போட்ட கோடுகள் ஒவ்வொரு தாளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கின. பத்து நிமிஷம் என்ற கணக்கு எனக்குக் கசந்தது. பளபளப்பு மிஷினுடையது என்று இனி நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

முதுகில் மட்டும் அவர் உருளையைக் காட்டவே இல்லை. கத்தியைக் கல்லில் படுக்கவைத்துத் தீட்டும்போது முதுகும் விளிம்பும் சேர்ந்தே கல்லில் படியும். கூரின் கோணத்தை முதுகின் தடிமன்தான் தீர்மானிக்கிறது. அதைத் தேய்த்துவிட்டால் கத்தியின் கணக்கே மாறிவிடும்.

தண்டுப் பகுதியில் துரு விலகியதும் எழுத்துகள் தெரிந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். சோலிங்கன், ஜெர்மனி. ஷெஃபீல்டு இல்லை. விளிம்பருகே மிளகில் பாதி அளவு கறுப்புக் குழி ஒன்று மட்டும் மிஞ்சியது. அதை எடுக்கப் போனால் இரும்பு சல்லடையாகிவிடும் என்று விட்டுவிட்டார். கல்லில் தீட்டி, தோல் வாரில் ஐம்பது முறை இழுத்து, தன் முன்கையில் வைத்தார். மயிர் சத்தமில்லாமல் உதிர்ந்தது. புதுப் பித்தளை ஆணியுடன் கூலி 600 ரூபாய்.

சாயங்காலம் சலூன்காரரிடம் கொடுத்தேன். எழுத்தைக் காட்டினேன். "எங்கப்பா ஷெஃபீல்டுன்னுதானே சொன்னாரு" என்று முணுமுணுத்தவர், நாற்காலியில் காத்திருந்தவரை மறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கடியில் போய் நின்றார்.